சிகரெட்டுக்கு ஒரு பஞ்சர் சோதனை

பஞ்சர் கடைக்காரர் சிகரெட்டை மாற்றி அன்றோடு முப்பது நாள். "இது லைட்டு. புகை பாதிதான். ஒரே மாசத்துல இருமல் போயிடும். போகலேன்னா சிகரெட்டையே விட்டுடறேன்" என்று மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். இருமல் போகவில்லை. காலையிலிருந்து கம்ப்ரசரோடு போட்டி போட்டுக்கொண்டிருந்தது.

"கெடு முடிஞ்சுதுங்க" என்றாள் மனைவி, டியூப்புகளை அளவு வாரியாக அடுக்கியபடி.

"சாயங்காலம் வரைக்கும் இருக்கும்மா. இது பழைய இருமல். ஸ்டாக் தீரணும்ல" என்று சொல்லிவிட்டு ஒன்றைப் பற்றவைத்தார்.

அவள் உற்றுப் பார்த்தாள். "முன்னல்லாம் இப்படியா இழுப்பீங்க? ரெண்டு கன்னமும் உள்ள போய் ஒட்டிக்குது."

"லைட்டுல்ல? பலமா இழுத்தாத்தான் ஏதோ வருது."

"சரி, பஞ்சை எதுக்கு அப்படி நசுக்கிப் பிடிச்சிருக்கீங்க?"

அவர் குனிந்து பார்த்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஃபில்டரை இறுக்கிக்கொண்டிருந்தன. "தெரியலையே. இப்படிப் பிடிச்சாத்தான் ருசி."

அவள் பாக்கெட்டிலிருந்து ஒன்றை எடுத்து, ஃபில்டரை மட்டும் வெட்டி, மெல்லிய ரப்பர் குழாயில் செருகினாள். ஃபில்டரின் மறுமுனையை விரலால் அடைத்து, டியூப்பை முக்கிப் பார்க்கும் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தி, குழாய் வழியாக ஊதினாள். ஃபில்டரைச் சுற்றி வளையமாகக் குமிழிகள் கிளம்பின.

"அட, சுத்திலும் பொடி ஓட்டை" என்றார் அவர், தொழில்காரருக்கே உரிய ஆர்வத்துடன்.

"வெளிக்காத்து கலந்து புகை குறையறதுக்காக வெச்ச ஓட்டை. லீக்குன்னா உங்க கை சும்மா இருக்குமா? மாசம் பூரா அடைச்சே பிடிச்சிருக்கீங்க."

இருபத்திரண்டு வருடமாகக் காற்று கசியும் இடத்தைத் தேடிப்போன விரல்கள். அவர் விடவில்லை. "அப்ப விரலைத் தள்ளி வெச்சு இன்னொரு மாசம் பார்க்கலாம்."

தள்ளி வைத்து இழுத்தார். முகம் சுருங்கியது. இன்னும் பலமாக இழுத்தார். மூன்றாவது இழுப்பில் விரல்கள் நைசாகப் பழைய இடத்துக்கே வந்திருந்தன.

"விரலு" என்றாள் அவள்.

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, கண்ணில் நீர் கோத்தது. மூச்சு திரும்பியதும் சிகரெட்டைத் தொட்டியில் போட்டு அணைத்து, பாக்கெட்டை அவளிடம் நீட்டினார்.

"இந்தக் கையை நம்ப முடியாதும்மா. அடைக்காம விட்டா வெறும் காத்து. வெறும் காத்துக்கு எவனாவது காசு கொடுப்பானா?"

"நம்ம கடையில கொடுக்கறாங்களே" என்றாள் அவள், பாக்கெட்டை வாங்கிக்கொண்டே.