மாப்பிள்ளை முறுக்கு

தச்சன் ஏமாந்தது ஒரே ஒரு சொல்லில். அந்தச் சொல் 'மாப்ளே'. யார்தான் யாரை அப்படிக் கூப்பிடவில்லை? நெருப்புப் பெட்டி கேட்பவன் கூப்பிடுகிறான், பேருந்தில் காலை மிதித்தவன் கூப்பிடுகிறான். இருபத்து நாலு வயதுக் கழுதைக்கு இது தெரிய வேண்டாமா? தெரியவில்லை. ஏனென்றால் கூப்பிட்டவன் படகுக்கார நங்கூரம். நங்கூரத்துக்கு ஒரு தங்கை இருந்தாள்.

அவள் படகுத் துறைக்கு எதிரே ஓர் அறையில் தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்தாள். தையல் இயந்திரம் இருந்த மேசை தச்சன் செய்து கொடுத்தது. பத்து நாளைக்கு ஒருதரம் ஜன்னலில் தலையை நீட்டி, "மேசை ஆடுது, வந்து பாரேன்" என்பாள். இவன் உளியும் கையுமாக ஓடுவான். ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பான். குமிழி நட்ட நடுவில் நிற்கும். இருந்தாலும் ஒரு மரச்சிம்பைச் சீவி மேசைக்கால் அடியில் செருகிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுத் திரும்பி வந்துவிடுவான். அவள்மேல் உயிரையே வைத்திருந்தான். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அப்போதுதான் நங்கூரம் பட்டறைக்கு வந்தான். அவன் படகில் வலையே கிடையாது என்பது துறைக்கே தெரியும்.

"மாப்ளே, கப்பல் மேல ஏற ஒரு ஏணி வேணும். கொக்கி வச்சது. மாட்டும்போது சத்தம் வரக் கூடாது."

கப்பல், கொக்கி, சத்தம் எதுவும் இவன் காதில் ஏறவில்லை. 'மாப்ளே' மட்டும் ஏறியது. அண்ணனே வாய் நிறையக் கூப்பிட்டுவிட்டான், இனி என்ன என்று மனசுக்குள் சம்பந்தமே முடிந்துவிட்டது. கொக்கிக்கு ரப்பர் சுற்றி நாலே நாளில் ஏணியைச் செய்து முடித்தான்.

"இது உன் கைக்குத்தான் கட்டுப்படுது மாப்ளே. நீயே வந்து மாட்டு" என்றான் நங்கூரம். தச்சன் போனான். படகில் நங்கூரத்தின் ஆட்கள் ஏழு பேர். விடியற்காலையில் ஒரு கப்பலில் கொள்ளை, நடுப்பகலில் இன்னொன்றில். மூன்றாவது கப்பலில் ஒரு தச்சர் தன் கருவிப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது கையில் சுண்டுவிரல் இல்லை. "எதை வேணா எடுங்கப்பா, இது என் சோறு" என்றார். நங்கூரம் அதைப் பிடுங்கி இவனிடம் நீட்டினான்: "இந்தா மாப்ளே, உனக்குத்தான்." அந்த ஆள் இவன் கையையே பார்த்தார். தச்சன் கையைத் தச்சனுக்குத் தெரியாதா? இவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனாலும் வாங்கிக்கொண்டான். மாப்பிள்ளை மறுக்கக் கூடாதாம், பாவி!

கரைக்கு வந்ததும் படகுத் துறையிலேயே கேட்டுவிட்டான். "தேதி எப்ப வச்சுக்கலாம்?"

"என்ன தேதி?"

"உங்க தங்கச்சிக்கும் எனக்கும்..."

நங்கூரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மாப்ளேன்னு கூப்பிட்டா பொண்ணு குடுத்துடணுமா? இந்த ஏழு பேரையும் அப்படித்தான்டா கூப்பிடுறேன். ஏழு தங்கச்சிக்கு நான் எங்க போவேன்?"

ஏழு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். இவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே எதிர் அறைக்குப் போனான். முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான்:

"உன்னைக் கட்டிக்கணும். அதுக்காகத்தான் அண்ணன்கூடப் போனேன்."

அவள் பெட்டியைத் திறந்து ஓர் உளியை எடுத்தாள். பிடியில் நீலத் துணி சுற்றியிருந்தது. சுண்டுவிரல் படும் இடம் மட்டும் தேயாமல் இருந்தது.

"இது உன் உளி இல்லையே. உன் உளிப் பிடியை இந்த மேசைக்கு அடியில எத்தனை தடவை பாத்திருப்பேன்! யாரோடது?"

இவன் உளியை வாங்கக் கையை நீட்டினான்.

"எங்கப்பா அந்தப் படகுல போய்த்தான் செத்தாரு. அதுல ஏறுனவன் எவனையும் ஏறெடுத்துப் பாக்க மாட்டேன்னு அண்ணன் மூஞ்சிக்கு நேரா சொன்னவ நான். இந்தத் துறையில ஏறாதவன் நீ ஒருத்தன்தான் இருந்தே. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" மேசையை ஓங்கி உதைத்தாள். அது அசையவில்லை. "பாரு, ஆடுதா? ஒருநாளாவது ஆடிச்சாடா மடையா?"

உளியைப் பெட்டிக்குள் போட்டுப் பெட்டியை அவன் நெஞ்சோடு தள்ளினாள். "போ. உரியவருக்குக் குடு." கதவைச் சாத்திவிட்டாள். உரியவர் எந்தக் கடலில் இருக்கிறாரோ! நேற்றுவரை ஜன்னலில் தலையை நீட்டிக் கூப்பிட்டவள் இனி ஏணி வைத்தாலும் எட்ட மாட்டாள். நங்கூரத்தின்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம்தான் பெரிதாக இருந்தது. தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

படகு அடுத்த பயணத்துக்குத் தயாராக நின்றது. டீசல் ஏற்றியாகிவிட்டது. ஏழு பேரும் உள்ளே இருந்தார்கள். தச்சன் ஏறினான். யாரையும் பார்க்காமல், நடுவில் கிடந்த மிதிபலகையைப் பெயர்த்தான். படகின் அடிப்பலகை தெரிந்தது. போன மாதம் அவனே போட்ட பலகை. எங்கே மெலிசு என்று அவனுக்குத் தெரியும். ஏதோ பழுது பார்க்கிறான் என்று நினைத்து யாரும் தடுக்கவில்லை. பெட்டியிலிருந்து துளை போடும் துறப்பணத்தை எடுத்து, முனையை அங்கே ஊன்றி, உடம்பை மேலே சாய்த்தான்.

நங்கூரம் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே திரும்பிப் பார்த்தான். "என்ன மாப்ளே, மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே? என்னடா இவ்வளவு முறுக்கு?"

தச்சன் நிமிர்ந்தான். இத்தனை நாள் சொல்லக் கூச்சப்பட்ட சொல் அன்றைக்கு வாயில் வந்தது.

"மாப்பிள்ளைன்னா முறுக்கு இருக்காதா மச்சான்?" என்றபடி துறப்பணத்தை இன்னொரு சுற்று முறுக்கினான். கடல் உள்ளே வந்தது.