ஓட்டுப் போட்டு வந்த மீன்

எங்கள் பக்கம் ஆகஸ்டு என்றால் குளிர்காலம், அதில் பாதி கழிந்தும் குளிர் கிளம்புவதாக இல்லை. கூடவே மழை. மில்லங்கா பண்ணைக்குச் செம்மறி ரோமம் கத்தரிக்க வந்த ஏழு பேர் கொண்ட கோஷ்டி, பதினோரு நாளாகத் தகரக் கூரைக்கு அடியில் உட்கார்ந்து ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தது. ஹே ஊரிலிருந்து வருகிற கரிசல் பாதை களியாகிவிட்டது. மளிகை லாரி பாதி வழியில் அச்சுவரை புதைந்து நின்றது.

ஆடு நனைந்திருந்தால் கத்தரிக்கக்கூடாது. நனைந்ததா காய்ந்ததா என்பதை முடிவுசெய்வது வானமும் அல்ல, பண்ணைக்காரரும் அல்ல, ஓட்டு. காலையில் ஆளுக்கு இரண்டு ஆடு கத்தரித்துப் பார்ப்பார்கள். பிறகு துண்டுச் சீட்டில் ஈரம் என்றோ காய்ந்தது என்றோ எழுதித் தொப்பியில் போடுவார்கள். ஈரம் என்று அதிகம் விழுந்தால் ஆடு ஈரம், அவ்வளவுதான். பண்ணைக்காரர் வெயிலில் நின்று ஆட்டைத் தடவிக் காட்டிக் கண்ணீர் விட்டாலும் மறு எண்ணிக்கை கிடையாது. எத்தனையோ சண்டை போடுகிற கூட்டம்தான், ஆனால் சீட்டு சொன்னால் சொன்னதுதான்.

இந்தக் கோஷ்டிக்குச் சமையல்காரர் நெவ் டங்க்ஸ். முப்பத்துநாலு வருஷம் அவரும் கத்தரித்தவர். இடுப்பு போன பிறகு, கோஷ்டியை நடத்துகிற ப்ரோன் அவர் கையிலிருந்த கத்தரி எந்திரத்தை வாங்கிக்கொண்டு கரண்டியைக் கொடுத்தாள். அதை அவர் வேலை என்று நினைக்கவில்லை, உயிர்ப்பிச்சை என்றே நினைத்தார். கோஷ்டி இல்லையென்றால் அவருக்கு மிச்சம் இருப்பது மகள் வீட்டுப் பின்ரூமும் அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் பூனையும்தான்.

சமையல் சுமார் ரகம். அதைவிட, சரக்கு படு மோசம். பண்ணையில் ஆட்டுக்கறிக்குப் பஞ்சமில்லை. பரங்கிக்காய் கொட்டகை மேலேயே ஒரு வண்டி கிடந்தது. உருளைக்கிழங்கு, வெங்காயம், மாவு, பீர் இருந்தன. முதல் நாள் ராத்திரி சுட்ட ஆட்டுக்கறி, வேகவைத்த பரங்கிக்காய். இரண்டாம் நாள் ஆறிப்போன ஆட்டுக்கறி, மசித்த பரங்கிக்காய். மூன்றாம் நாள் கறிப்பொடியும் உலர்திராட்சையும் போட்ட மஞ்சள் குழம்பு. திராட்சை எதற்கு என்று கேட்கக்கூடாது, எங்கள் பக்கம் போடுவோம். நாலாம் நாளிலிருந்து அதே நாடகம்தான், வேஷம் மட்டும் மாறியது.

பதினோராம் ராத்திரி கெல் முள்கரண்டியைக் கீழே வைத்தார். நெவ்வுக்குப் பக்கத்து இடத்தில் நின்று முப்பது வருஷம் கத்தரித்த ஆள் அவர்.

"நெவ், இது என்னடா?"

"ஸ்டூ."

"நேத்து?"

"நேத்து பை. மேல மாவு மூடி சுட்டிருந்தேன்ல."

"மாவ எடுத்துட்டா?"

நெவ் கரண்டியைத் துடைத்தார்.

"மாவ எடுத்துட்டா இதுதான்டா. இன்னும் ரெண்டு நாள் இதையே தின்னா, உள்ள வர்ற ஆடெல்லாம் என்னைப் பங்காளின்னு நெனச்சு ஒட்டி நிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நெவ்வும் சிரிக்கப் பார்த்தார். கெல் அத்தோடு விடவில்லை. நாளை ராத்திரியும் ஆட்டுக்கறிதான் என்றால், பாதை திறந்ததும் வேறு சமையல்காரர் வரட்டும் என்றார். கை தூக்கச் சொன்னார்கள். ஐந்து கை எழுந்தது. முதலில் எழுந்தது கெல்லுடையது. கோஷ்டியில் சின்னவனான விரேமு மட்டும் கையைத் தூக்கலாமா வேண்டாமா என்று காது மடலைச் சொறிந்துகொண்டே இருந்துவிட்டான்.

"தீர்மானம்னா தீர்மானம்தான் நெவ்," என்றாள் ப்ரோன். "எங்கிட்ட கோச்சுக்காதீங்க."

மற்ற நாலு கை வலிக்கவில்லை. கெல்லின் கை வலித்தது.

காலையில் நெவ் தண்ணீர்த் தொட்டி ஏணியின் ஏழாவது படியில் ஏறி நின்றார். அங்கேதான் போன் எடுக்கும். மகள் டீகனைக் கூப்பிட்டார்.

"அப்பா, குளிர்காலச் சாப்பாடு அலுத்துப்போச்சுன்னு போட்டா நெட்ல நாப்பது ஐடியா வருதுப்பா."

"படி."

"சால்மன் மீனை எடுத்து..."

"இல்ல."

"ஆவக்கடோவை ரெண்டா வெட்டி..."

"இல்லம்மா."

"இளசா கொஞ்சம் கீரை..."

"கீரை வெள்ளத்துல போயிடுச்சு."

"அப்ப என்னதான்ப்பா இருக்கு?"

"பரங்கிக்காய்."

 டீகன் மெதுவாகச் சொன்னாள். "பேசாம வந்துடுங்கப்பா. பின்ரூம் சும்மாத்தான் கெடக்கு. பூனைய வேணா ஹாலுக்கு மாத்திடறேன்."

 நெவ் ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

நேரே பண்ணை வீட்டுக்கு நடந்துபோய், பண்ணைக்காரர் மனைவியிடம் ஏதாவது இருக்குமா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டார். அந்த அம்மா ஒரு வாளி எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

"வேற ஏதாச்சும்?"

"இன்னொரு வாளி எலுமிச்சம்பழம் வேணா தர்றேன். மரத்தப் பாருங்க, கிளை ஒடியுது."

திரும்பி வரும்போது, இத்தனை எலுமிச்சம்பழத்தை எதன்மேல் பிழிவது என்று யோசித்தார். மீன்மேல். மீன் இல்லை. ஆனால் பழம் இருக்கிறது, மாவு இருக்கிறது, பீர் இருக்கிறது, உருளைக்கிழங்கு இருக்கிறது. வறுத்த மீனும் சிப்ஸும் பண்ண வேண்டும் என்றால் வேண்டிய எல்லாம் கையில் இருந்தது, மீன் ஒன்றைத் தவிர. ஒன்றே ஒன்றுதானே குறை என்று அவருக்குத் தோன்றியது. அலுத்துப்போன மனிதனுடைய மூளை அப்படித்தான் ஓடும்.

ஆட்டுத் தொடையை நார் நாராகப் பிரியும்வரை மூன்று மணி நேரம் வேகவைத்தார். தட்டில் கொட்டி, செங்கல் பாரம் வைத்து அழுத்தி, ஆறவிட்டு, கத்தியால் வெட்டினார். முதலில் சதுரம் சதுரமாக வெட்டினார். அப்புறம் எதற்குக் குறை வைப்பது என்று வால் வைத்தார். துடுப்பு வைத்தார். ஒன்றுக்கு மிளகில் கண்ணும் வைத்துவிட்டு, அது தன்னையே முறைப்பதாகப் பட்டதால் பிடுங்கிப் போட்டார். பீர் ஊற்றிக் கரைத்த மாவில் தோய்த்துக் கொழுப்பில் பொரித்தெடுத்து, பழைய பேப்பரில் சுற்றி வைத்தார்.

தினமும் ராத்திரிச் சாப்பாடு என்ன என்று கரும்பலகையில் எழுதிப் போடுவது அவர் வழக்கம். சாக்பீஸை எடுத்தபோது உண்மையைத்தான் எழுத நினைத்தார். கையோ மீன் என்று எழுதிவிட்டது.

ஏழு பேரும் உட்கார்ந்தார்கள். பொட்டலத்தைப் பிரித்தார்கள், பழத்தைப் பிழிந்தார்கள். பத்து நிமிஷம் மொறுமொறுவென்ற சத்தம் தவிர வேறு பேச்சில்லை. நியூசிலாந்தில் கடலோரம் பிறந்து மீன் தின்றே வளர்ந்த விரேமு, கண்ணை மூடிக்கொண்டு மென்றான்.

"என்ன மீன் அண்ணே இது?"

"வெள்ளை மீன்."

"எங்க புடிச்சீங்க?"

"ஆத்துல வெள்ளம் வந்துச்சுல்ல."

கெல் தன் துண்டைப் பிய்த்து, விளக்குக்கு நேரே பிடித்து, நாரை எண்ணுகிறவர் மாதிரி பார்த்தார். "இது ஆடு."

"போர்டப் பாரு," என்றார் நெவ்.

"போர்டுல மீன் இருக்கு. வாயில ஆடு இருக்கு."

"ஆட்டுக்கு வால் இப்படியாடா இருக்கும்?"

 பதில் இல்லாத எல்லாரும் செய்வதைத்தான் கெல்லும் செய்தார். "ஓட்டுக்கு விடு," என்றார். ஆடு என்று விழுந்தால் நேற்றைய தீர்மானப்படி நெவ் மூட்டை கட்ட வேண்டியதுதான். சமைத்தவருக்கும் ஓட்டு உண்டு என்று ப்ரோன் சொல்லி, ஆளுக்கொரு சீட்டு கிழித்துக் கொடுத்தாள்.

நெவ் பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பத்துநாலு வருஷத்தில் அவர் சீட்டில் பொய் எழுதியதே கிடையாது. குடித்துவிட்டுத் தலை பிளக்கிற மறுநாள்களில், ஈரம் என்று எழுதினால் போய்ப் படுத்துவிடலாம் என்ற காலைகளில்கூட, காய்ந்த ஆட்டைக் காய்ந்தது என்றே எழுதியவர். போர்டில் எழுதியது வேறு விஷயம், போர்டு அழிகிற பொருள். தன்னைப் போல ஒரு முட்டாள் இந்த ஜில்லாவிலேயே இல்லை என்று நொந்துகொண்டே ஆடு என்று எழுதி, மடித்துத் தொப்பியில் போட்டார். பூனையோடு எப்படிக் குடித்தனம் பண்ணுவது என்று யோசிக்க ஆரம்பித்தார்.

ப்ரோன் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "மீன். மீன். மீன்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆடு." பிறகு மறுபடி, "மீன். மீன். மீன். ஆறுக்கு ஒண்ணு. மீன்தான், முடிஞ்சுது."

நெவ் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அந்த ஒன்று அவருடையது. அப்படியானால் மற்ற ஆறு பேரும் மீன். கெல்லும் மீன். ஆட்டை வாயில் வைத்துக்கொண்டே மீன் என்று எழுதியிருக்கிறார் படுபாவி. நெவ்வுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை சந்தோஷம் அவருக்கு எத்தனையோ வருஷமாக வந்ததில்லை.

அதை அனுபவிக்க விடாமல் கோஷ்டி மொத்தமும் கெல் பக்கம் திரும்பியது.

"முப்பது வருஷப் பழக்கம்," என்றான் விரேமு. "மீன்னு ஒரு வார்த்தை எழுத மனசு வரல இல்ல உங்களுக்கு?"

"நான் இல்லடா அது."

"பின்ன யாரு? ஆடு ஆடுன்னு கத்துனது யாரு?"

கெல்லின் முகம் சிவந்துபோனது. எழுதியதை வெளியே சொல்லக்கூடாது என்பது சீட்டின் சட்டம். நெவ்வுக்குத் தாங்கவில்லை, நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தார். மூன்று வருஷமாகக் கரும்பலகையில் அவர் கையெழுத்தைப் பார்த்து வருகிற ப்ரோன், மேஜைக்கடியில் அவர் காலை ஓங்கி மிதித்தாள்.

அப்போது கெல் இருமினார். லேசாக இருமிப் பார்த்துவிட்டு, போதாது என்று பலமாக இருமினார். தொண்டையைப் பிடித்துக்கொண்டார். கண்ணை உருட்டினார்.

"என்ன ஆச்சு?" என்றாள் ப்ரோன்.

"முள்ளு," என்றார் கெல். "தொண்டையில முள்ளு."

யாரும் சிரிக்கவில்லை. விரேமு எழுந்துபோய் மரியாதையாக முதுகில் தட்டினான். நெவ் ரொட்டியில் ஒரு பெரிய துண்டைப் பிய்த்துக்கொண்டு ஓடிவந்தார்.

"மெல்லாம முழுங்கு."

கெல் முழுங்கினார்.

"போச்சாடா?"

"போச்சு."

"நிதானமா தின்னு. இந்த மீனுக்கு முள்ளு ஜாஸ்தி."

"ஆமா," என்றார் கெல், பேப்பரை நீட்டி. "வால் இருந்தா ஒண்ணு போடு."