திறந்து வைத்த ஒரு காது

"பட்டமளிப்புப் பாட்டுல இருக்கிற என் குரல மட்டும் தனியா பிரிச்சு எனக்குக் குடுங்க சேர். இல்லாட்டி அதுல என் பேரப் போடுங்க."

கிருஷாந்தி கதிரையில் உட்காராமலே கேட்டாள். இசைத்துறையில் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள்: ஸ்டூடியோவில் பதிவானது துறைக்குச் சொந்தம், அதை எவரும் வாய்விட்டுக் கேட்கக் கூடாது. அம்மா அழகம்மாவும் தன் பங்குக்குச் சொல்லியிருந்தாள். படித்த இடத்திலேயே வேலை தந்திருக்கிறார்கள், அவர்களிடம் போய் அது வேண்டும் இது வேண்டும் என்று நிற்காதே என்று. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் இருபத்தாறு வருஷம் கொழுந்து பறித்தவள். கேட்டு நின்றவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்தவள்.

துறைத் தலைவர் சேதுராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் கைவசம் இல்லாதபோதெல்லாம் அவருடைய கண்ணாடி அழுக்காகிவிடும்.

"இங்க பாருங்க கிருஷாந்தி, அது கைட். கைட் பாடினவங்க பேரப் போடுற வழக்கம் உலகத்துல எங்கயும் இல்ல."

கைட் என்பது வழிகாட்டிக் குரல். பாட்டுக்காரர் வருவதற்கு முன் இன்னொருவர் அதைப் பாடிப் பதிந்து வைப்பார். பாட்டுக்காரர் அதை ஹெட்போனில் கேட்டுக் கேட்டுத் தன் குரலைப் பதிவார். வேலை முடிந்ததும் கைட்டை எடுத்துவிடுவார்கள். கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டிப் புதிதாக முளைத்திருக்கும் இந்தத் தனியார்ப் பல்கலைக்கழகத்தில் ஒன்றரை வருஷமாக எல்லாப் பாட்டுக்கும் கைட் பாடுகிறவள் கிருஷாந்திதான். மேடையிலும் ஸ்டூடியோவிலும் எப்படிப் பாடுவது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் தற்காலிகப் போதனாசிரியை என்று அவளுடைய நியமனக் கடிதம் சொல்லும். சேதுராமன் தானே எழுதித் தானே மெட்டுப்போட்ட பட்டமளிப்புப் பாட்டில் மட்டும் கைட்டை எடுக்கவில்லை. அதையே பாட்டாக்கி, மேலே 'குரல்: நிலூஷா' என்று போட்டு, நேற்றுப் பின்னேரம் துறையின் பேஸ்புக் பக்கத்தில் ஏற்றியிருந்தார்கள். ஹந்தானை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனைக் காதில் வைத்தவள், இரண்டாம் வரியிலேயே தன் மூச்சைக் கண்டுகொண்டாள்.

நிலூஷா மூன்றாம் வருஷ மாணவி. ஸ்டூடியோவுக்கு ஏசி பூட்டிக்கொடுத்தவரின் மகள். அந்தக் குளிரிலும் அவளுடைய சுருதி உருகி வழிந்துகொண்டேயிருக்கும்.

கிருஷாந்தியை அவர்கள் மறைத்தே வைத்திருந்தார்கள் என்றும் சொல்லமுடியாது. சேர்க்கைக்கு அடித்த துண்டுப்பிரசுரத்தில், தேயிலை மலையைப் பின்னால் வைத்து, தோட்டத்து லைன் வீட்டைச் சொல்லி 'லயத்திலிருந்து மேடைக்கு' என்று எழுதி, அவளைச் சிரிக்கவைத்து நிறுத்தியிருந்தார்கள். குரல் வேண்டாத இடத்தில் அவள் முகம், முகம் வேண்டாத இடத்தில் அவள் குரல். ஆளை முழுசாக எடுத்துக்கொள்ளத்தான் அந்தக் கட்டடத்தில் இடம் காணாது.

சேதுராமன் குரலைத் தாழ்த்தினார். அவளுடைய நியமனத்தை நீடிக்கும் கோப்பு தன் மேசையில்தான் இருக்கிறது என்றார். நிரந்தரமாக்கும் யோசனையும் இருக்கிறதாம். தோட்டத்திலிருந்து வந்த முதல் போதனாசிரியை என்ற பெருமையை ஒரு பாட்டுக்காகத் தொலைக்கலாமா என்று கேட்டார். பிறகு, அவள் ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று தானே முடிவு செய்துகொண்டு, அடுத்த வேலையையும் சொன்னார்.

"நிலூஷா மண்டபத்துல நிக்கிறா. பாட்டுக்கு வாயசைக்கிறது அவவுக்குப் பிடிபடுதில்ல. மேடைப் பயிற்சி உங்க பொறுப்புத்தானே. போய்ச் சொல்லிக்குடுங்க."

தன் குரலுக்கு இன்னொருத்தி வாயசைக்க, அதைத் தானே பழக்கிவிட வேண்டும். இந்த மனுஷன் வெட்கம் என்ற சாமானை எந்தக் கடையில் அடகு வைத்தாரோ. கிருஷாந்தி வெளியே வந்தாள். வெளி மேசையில் கிளார்க் பஸீஹா வரவுப் புத்தகத்தைத் திறந்து பேனையை நீட்டினாள். கிருஷாந்தி வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டு மண்டபத்துக்குப் படியிறங்கினாள்.

மண்டபத்தில் ஒலிப்பதிவாளர் ரிஸ்மி மேடைக்கு எதிரே தன் கணினியோடு உட்கார்ந்திருந்தான். பாட்டைப் பதிந்ததும் கலந்ததும் அவன்தான். துறையில் எல்லோருக்கும் அவன் 'நானா', அதாவது அண்ணன். அவள் வாயைத் திறக்குமுன்னே தலையைக் குனிந்துகொண்டான்.

"தங்கச்சி, பைல் ஈக்கிது. தரத்தான் ஏலா. எண்ட வேல போகும்."

"தர வேணாம் நானா. கேட்கிறப்போ போட்டுக் காட்டினா போதும்."

மேடையில் நிலூஷா மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இணைப்பே கொடுக்காத மைக். கிருஷாந்தியைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"நல்ல நேரம் வந்தீங்க அக்கா. 'பனி விலகும் மலைமுகட்டில்' வருதே, அதுல மூச்சு எங்க எடுக்கணும்? எப்பிடிப் பாத்தாலும் வாய் பிந்திப் போகுது."

"நீ பாடினதுதானே. நீ எங்க எடுத்த?"

நிலூஷா கொஞ்சம் யோசித்தாள். ஏமாற்றுகிறவளின் முழி இல்லை அது. "ஞாபகமில்ல அக்கா. நான் பாடினதக் கம்ப்யூட்டர்ல சரிபண்றப்போ மூச்சையும் இடம் மாத்திட்டாங்களாம். சேர் சொன்னாரு."

கிருஷாந்திக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பெண் உண்மையாகவே நம்பிக்கொண்டிருக்கிறாள். தன் தொண்டையில் இல்லாததையெல்லாம் ஒரு பெட்டி உள்ளே போட்டு வெளியே எடுத்துத் தந்துவிட்டது என்று. மூன்று வருஷம் இங்கே படித்ததன் பலன்.

"நானா, இசையெல்லாத்தையும் நிப்பாட்டி, குரல மட்டும் போடுங்க."

ரிஸ்மி வாசலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு போட்டான். வயலினும் மிருதங்கமும் விலகியதும் வெறுங்குரல் மண்டபத்தில் எழுந்தது. அதற்கு அடியில், சுவருக்குப் பின்னால் யாரோ நகத்தால் தட்டுவதுபோல, டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம் கூடவே வந்தது.

"அது என்னன்னு தெரியுதா?"

"க்ளிக்" என்றாள் நிலூஷா. பாடுகிறவர் தாளம் தப்பாமலிருக்க ஹெட்போனுக்குள் ஓடுகிற சத்தம். ஒரு காதைத் திறந்துவிட்டுப் பாடினால் அது வெளியே கசிந்து மைக்கில் ஏறிவிடும். முதல் வகுப்பிலேயே கிருஷாந்தி சொல்லிக்கொடுக்கிற பாடம் அது.

"நீ பாடறப்போ ஹெட்போன் எப்பிடி இருந்துச்சு?"

"ரெண்டு காதும் மூடித்தான். திறந்தா நீங்கதானே ஏசுவீங்க."

"நான் கைட் பாடறப்போ?"

நிலூஷா ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தாள். கிருஷாந்தி கைட் பாடும்போது ஒரு காதை மூடி ஒரு காதைத் திறந்துவைப்பாள் என்பது துறை முழுக்கத் தெரிந்த விஷயம். எறியப்போகிற பதிவுதானே, க்ளிக் ஏறினால் என்ன என்று அவளே சொல்லியிருக்கிறாள். தன் குரல் தன் காதில் நேராக விழுந்தால்தான் அவளுக்குப் பாட வரும்.

"அப்ப நான் பாடினது?"

"எங்கயாவது ஒரு போல்டர்ல கெடக்கும்."

நிலூஷாவின் கண் கலங்கியது. கிருஷாந்திக்கு அவள்மேல் இருந்த கோபம் பாதி இறங்கியது. பக்கத்தில் போய் நின்று சொன்னாள்: "விழாவுக்கு மூணு நாள் இருக்கு. வாயசைக்காத, நேரடியா பாடு. சுருதிய ஒண்ணு இறக்கித் தாறேன், கூட நின்னு பழக்கித் தாறேன். பிசகினாலும் உன் குரல்."

அந்த நேரத்தில்தான் சேதுராமன் உள்ளே வந்தார். குரல் மட்டும் ஓடிக்கொண்டிருப்பதைக் கேட்டதும் நிலைமை விளங்கிவிட்டது. ரிஸ்மியை அதட்டி நிறுத்தினார். க்ளிக் சத்தமெல்லாம் விழாவுக்கு வருகிற யாருக்கும் கேட்காது என்றார். பட்டம் வாங்க வருகிறவன் டிக் டிக் என்று எண்ணிக்கொண்டா இருப்பான் என்று தன் பகிடிக்குத் தானே சிரித்தார்.

கிருஷாந்தி அவரைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. நிலூஷாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிலூஷா மூக்கை உறிஞ்சினாள். கைக்குட்டையால் மை கலையாமல் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

"அப்பா கொழும்புலேருந்து ஆக்களக் கூட்டிட்டு வாறாரு அக்கா" என்றாள். பிறகு, இன்னும் மெல்லிய குரலில், "அந்த மூச்சு எங்கன்னு மட்டும் சொல்லுங்க."

பாதி இறங்கிய கோபம் இறங்கிய இடத்திலேயே நின்றது. அதற்குமேல் இவளிடம் கோபப்படவும் ஒன்றுமில்லை.

"மலைக்கு முன்னால" என்றாள் கிருஷாந்தி. "நல்லா வாயத் திறந்து எடு. கடைசி வரிசைக்கும் தெரியணும்."

மேடையோரம் வைத்திருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். சேதுராமனுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. மரியாதையெல்லாம் உதிர்ந்தது.

"எங்க போற? இப்ப வெளிய போனா இன்னைக்கு அரைநாள் லீவுன்னு போடுவேன்."

"போட முடியாது சேர். காலையில நான் கையெழுத்தே வைக்கல."

பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பாட்டைக் கேட்டு முடித்தபோதே கேட்டுக் கிடைக்காவிட்டால் இந்த வேலை வேண்டாம் என்று முடிவாகியிருந்தது. இன்று வந்தது கேட்பதற்கு. கேட்டாயிற்று.

அவள் கதவைத் தள்ளினாள். பின்னால் சேதுராமன் முதலிலிருந்து போடச்சொல்லிக் கத்துவதும், இசை தொடங்குவதும் கேட்டது. 'மலைமுகட்டில்' வருவதற்குள் அவள் வெளிவாசல் கேற்றைத் தாண்டிக் கண்டி பஸ்ஸுக்குக் கை காட்டியிருந்தாள்.