கேட்டவளுக்கு வைக்கோல்

குட்டி போடப்போகிற பன்றி சும்மா கிடக்காது. முதல் நாளே வைக்கோலைக் கவ்விக் கவ்வி மூலைக்குக் கொண்டுபோகும், முன்காலால் பறிக்கும், படுத்துப் பார்க்கும், பிடிக்காமல் எழுந்து எல்லாவற்றையும் கலைக்கும். புதுவீட்டுக்குக் குடிபோன பெண்டாட்டிகூட இத்தனை படுத்தமாட்டாள் என்று டாக்டரம்மாவின் கணவர் கேலி பேசுவார்.

டாக்டரம்மா ஒரு பன்றி ஆராய்ச்சிக் கூடத்தில் கால்நடை மருத்துவர். வேலை தற்காலிகம்தான். அப்போது நடந்த சோதனை இது. பால் சுரக்கச் சொல்லும் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ள உடம்பில் ஏற்பிகள் உண்டு. அவை மடியில் மட்டும் இல்லை, நோயோடு மல்லுக்கு நிற்கும் வெள்ளை அணுக்களிலும் இருக்கின்றன. ஏற்பியின் மரபணு பன்றிக்குப் பன்றி கொஞ்சம் மாறும். இரண்டு வகைப் பன்றிகளை ஒரே கொட்டகையில் தனித்தனிக் கொட்டடிகளில் வளர்த்து, குட்டிகளைப் பிரித்தபின் தாய்களின் மூக்கில் காய்ச்சல் கிருமியை விட்டு, எந்த வகை தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். எது எந்த வகை என்று அவளுக்குச் சொல்லவில்லை. தெரிந்தால் கை ஒரு பக்கம் சாயும் அல்லவா?

கிருமி விட்ட வாரம் கொடுமையாக இருந்தது. மூச்சுக்குத் திணறிச் சில செத்தன. பிழைத்தவற்றையும் விட்டுவைக்கவில்லை. ஊசி போட்டுக் கொன்று, மண்ணீரலை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது முதலிலேயே போட்ட விதி. அவள் மகாராணி என்று கூப்பிட்ட பன்றி, தீனி வருகிறது என்று நினைத்து ஊசியை நோக்கி ஓடி வந்தது. அதை அவள் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

பிறகு சோதனையை நடத்திய பேராசிரியர் கணினியைத் திறந்து வகைகளைக் காட்டினார். பிழைத்தவை எல்லாம் ஒரே வகை!

"ஜெயிச்சோம்மா! இனி பண்ணைக்காரங்க இந்த வகையத்தான் வளர்ப்பாங்க. உன் வேலையும் நிரந்தரம்னே வெச்சுக்கோ."

அவளும் சிரித்தாள். பிறகு திரையில் கொட்டடி எண்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். பிழைத்தவை எல்லாம் மும்முரமாகப் படுக்கை கட்டிய பன்றிகள், மற்ற வகை ஏனோதானோ என்று இருந்தவை. தாயைப் படுக்கை கட்டத் தூண்டுவதிலும் அதே ஹார்மோனுக்குப் பங்கு உண்டே! அந்தப் பன்றிகள் வைக்கோல் கேட்டு அவள் கோட்டு ஓரத்தைக் கவ்வி இழுத்தன, அவளும் கை நிறைய வைக்கோல் அள்ளிப் போட்டாள். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும். மற்றவை கேட்கவில்லை, அவள் போடவில்லை. அந்தப் பழக்கம் குட்டிகளைப் பிரித்த பிறகும் விடவில்லை. காய்ச்சல் வாரத்தில் ஒரு கூட்டம் கதகதப்பில் கிடந்தது, மறு கூட்டம் ஈர சிமெண்டில் கிடந்தது. காப்பாற்றியது மரபணுவா, வைக்கோலா? சோதித்துப் பார்க்க ஒரு பன்றிகூட மிச்சமில்லை.

"யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் கணவர், ராத்திரி அவள் விஷயத்தைச் சொன்னதும்.

"எனக்குத் தெரியுமே."

"சொன்னா?"

"புதுப் பன்றிங்கள கொண்டாந்து முதல்லேருந்து பண்ணுவாங்க. அதுங்களுக்கும் நான்தான் ஊசி போடணும்."

"சொல்லலன்னா?"

"இதை நம்பி வளர்த்த பண்ணையில காய்ச்சல் வந்தா, கொட்டகை கொட்டகையா சாவும்."

எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிற மனுஷன், அன்றைக்குப் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

மறுநாள் சொல்லிவிட்டாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

"மறுபடியும் பண்ணணும்" என்றார். "இந்தத் தடவை யாருக்கும் வைக்கோல் கிடையாது. ரப்பர் விரிப்பு மட்டும்."

"எல்லாத்துக்கும் சமமா குடுத்தா சார்?"

"கூட்டிக் குவிக்கிறது குவிச்சுக்கும். குவிக்காதது மிதிச்சு ஈரமாக்கும். படுக்கை சமமா இருக்காதும்மா."

அவர் சொன்னது சரி. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

புதுக் கூட்டம் வந்தது. குட்டி போடும் நாள் நெருங்கிய முதல் பன்றி ரப்பரைப் பறித்தது. குனிந்து வாயைத் திறந்து, ஒன்றுமில்லாததைக் கவ்வி, மூலைக்குக் கொண்டுபோய் வைத்தது. திரும்பி வந்து இன்னொரு வாய் கவ்விக்கொண்டு போனது. அது எந்த வகை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய?

கடைசியில் அது வந்து அவள் கோட்டு ஓரத்தைக் கவ்வி இழுத்தது. டாக்டரம்மா துணியை மெல்ல விடுவித்துக்கொண்டு, அடுத்த கொட்டடிக்குப் போனாள்.