எழுத்து உடைந்த பேனர்

மகள் செத்துவிட்டாள் என்று பேனர் கட்ட முடிவெடுத்த கொளஞ்சிநாதனுக்கு, அந்தப் பேனரை அடிக்க மகளின் தயவே வேண்டியிருந்தது. ஒரு தகப்பனுக்கு இப்படி ஒரு கேவலம் வரக்கூடாதுதான். இவருக்கு வந்தது, தகும்.

மகள் இளவேனில் கோயம்புத்தூரில் கல்லுக்குண்டாக இருந்தாள். மைன்ஸ் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, நெய்வேலிக் குவார்ட்டர்ஸில் குடியேறிய இசக்கிமுத்துவின் மகன் அருண்பிரசாத்தைக் கட்டிக்கொண்டு போனவள். பையனுக்குக் குடி கிடையாது, கெட்ட பெயர் கிடையாது, நல்ல வேலை. சாதி மட்டும் வேறு. அது ஒன்று போதாதா நம் ஆட்களுக்கு?

கொளஞ்சிநாதன் டவுன்ஷிப் பஜாரில் பேனர் கடை வைத்திருந்தார். மஞ்சள் நீராட்டு, காதணி, யூனியன் மாநாடு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவர் டிசைன்தான். அச்சு பண்ருட்டியில் ஆகும். வந்த பேனருக்கு ஓரம் மடித்து, கயிறு கோக்கத் துளை போடுவது மனைவி பெரியநாயகி. ஆரம்பத்தில் திருட்டு சாஃப்ட்வேரில்தான் வேலை நடந்தது. வெளியூரில் ஒரு கடையில் சோதனை போட்டு கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்டதும் மனிதர் கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடிவிட்டார். அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்த இளவேனில்தான், யார் யாரோ கூலி வாங்காமல் சேர்ந்து உருவாக்கும் இலவச சாஃப்ட்வேரை ஏற்றிக் கொடுத்தாள்.

அதில் ஒரு தகராறு இருந்தது. பேனர்க்காரர்கள் பயன்படுத்தும் பழைய தமிழ் எழுத்துகள் அதில் ஒழுங்காக உட்காரவில்லை. கொம்பு ஒரு பக்கம் போகும், துணைக்கால் ஒரு பக்கம் போகும். மகள் ராப்பகலாக உட்கார்ந்து அதற்கென்று ப்ளக்-இன் என்கிற ஒட்டு நிரல் ஒன்றை எழுதினாள். எழுதியதை அப்பா கடைக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் எல்லோருக்கும் இலவசமாக இணையத்தில் போட்டாள். தமிழ்நாடு பூராவும் சின்னச் சின்ன கடைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழுவும் வந்தது. சாஃப்ட்வேர் புதுப்பிக்கப்படும் போதெல்லாம் எழுத்து உடையும். குழுவில் கூப்பாடு எழும். இளவேனில் சரிசெய்து போடுவாள். கல்யாணம் ஆகிப் போன பிறகும் அது நிற்கவில்லை. அப்பா பேசாவிட்டால் என்ன, அப்பா கடையின் எழுத்து அவள் கையில்தான் நின்றது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்த அன்று கொளஞ்சிநாதனின் அக்கா தனபாக்கியம் வளையமாதேவியிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். தன் மகன் சிலம்பரசனுக்கு இளவேனிலைக் கேட்டு வைத்திருந்தவள் அவள்.

"இன்னும் எத்தினி நாளிக்கிடா வாய மூடிகினு இருக்கப் போற? நாளைக்குப் புள்ளயத் தூக்கிகினு வந்து நிப்பா. ஊருக்கெல்லாம் கண்ணீர் அஞ்சலி அடிக்கிறியே, உம் பொண்ணுக்கு ஒண்ணு அடி. செத்துட்டான்னு கட்டு. அப்பத்தான் எங்க மூஞ்ச நாங்க வெளிய காட்ட முடியும்."

"வவுத்துப் புள்ளக்காரிக்கா அண்ணி?" என்றாள் பெரியநாயகி.

"நீ சும்மா இரு. வளத்த லட்சணம்தான் தெரியுதே."

கொளஞ்சிநாதன் மனைவியின் பக்கம் திரும்பவே இல்லை. தலைமுழுகுவது என்றால் முழுசாக முழுகிவிட வேண்டும் என்று அவருக்கும் பட்டது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அது புதுப்பிக்கட்டுமா என்று கேட்டது. எதைக் கேட்டாலும் சரி என்று அழுத்துகிற கை, அழுத்தியது. 'கண்ணீர் அஞ்சலி' என்று அடித்தார். எழுத்தெல்லாம் சிதறிக் கிடந்தது.

புதிதாக ஒரு சிம் வாங்கிப் போட்டு, விருத்தாசலத்துக்காரர் ஜெயகணேஷ் என்று பொய்ப்பெயரில் குழுவில் சேர்ந்தார். எழுத்து உடைகிறது, அவசரம் என்று எழுதினார். கொஞ்ச நேரத்தில் இளவேனிலிடமிருந்து தனியாகச் செய்தி வந்தது. "வணக்கம் சார். ஃபைலை அனுப்புங்க, பாக்கறேன்."

வேறு ஏதாவது பழைய பேனரை அனுப்பியிருக்கலாம். உடைந்த எழுத்து எந்தப் பேனரிலும் உடைந்த எழுத்துதான். ஆனால் அவர் அதையே அனுப்பினார். பார்க்கட்டும் என்றுதான் அனுப்பினார். பார்த்துவிட்டு அலறிக்கொண்டு அப்பா என்று போன் செய்வாள், காலில் விழுவாள், அப்போது எடுக்காமல் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு இரண்டு போன்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பெற்றவனுக்கு இப்படியும் ஒரு புத்தி போகும்.

போன் வரவில்லை. ஃபைல் வந்தது. கூடவே ஒரு செய்தி.

"எழுத்து சரி ஆயிடுச்சு சார். எல்லாரும் எடுத்துக்கற மாதிரி புது ப்ளக்-இன்னையும் போட்டுட்டேன். தோற்றம்னு போட்ட தேதி பள்ளிக்கூடத்துல சேக்கறதுக்காகக் குடுத்தது. நிஜத் தேதி தை மாசம், மாத்தியிருக்கேன். படம் மங்கலா இருந்துது, பெருசாக்கினா முகம் தெரியாது. தெளிவான படம் ஒண்ணு வெச்சிருக்கேன்."

கொளஞ்சிநாதன் ஃபைலைத் திறந்தார். மறைவு என்ற இடத்தில் அவள் வீட்டை விட்டுப் போன தேதியை அவர் போட்டிருந்தார். அதை அவள் தொடவில்லை. கீழே 'ஆழ்ந்த வருத்தத்துடன் தந்தை கொளஞ்சிநாதன்' என்பது கொம்பும் புள்ளியும் குறையாமல் அழகாக உட்கார்ந்திருந்தது. படத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கர்ப்பத்தின் உப்பல் தெரிந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பார்த்து என்ன பிரயோசனம்? பண்ருட்டிக்கு அனுப்பிவிட்டார்.

பேனர் வந்ததும் பெரியநாயகி வழக்கம்போல ஓரம் மடித்துத் துளை போட்டாள். இசக்கிமுத்து குடியிருந்த பிளாக்கின் முனையில் ஒன்றும், சொந்தக்காரர்கள் ஏறி இறங்கும் சேத்தியாத்தோப்பு பஸ் நிற்கும் இடத்தில் ஒன்றும் கட்டினார்கள். ஷிப்ட் முடிந்து வந்த இசக்கிமுத்து அதன் கீழே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார் என்று சொல்லித் தனபாக்கியம் சிரித்தாள்.

மாதங்கள் ஓடின. சாஃப்ட்வேர் மறுபடியும் புதுப்பிக்கட்டுமா என்று கேட்க, கை மறுபடியும் சரி என்று அழுத்த, எழுத்து மறுபடியும் உடைந்தது. கொளஞ்சிநாதன் அலட்டிக்கொள்ளவில்லை. பழைய வழக்கம்தானே, சரிசெய்து போடுவாள் என்று ப்ளக்-இன் இருக்கும் பக்கத்தைத் திறந்தார்.

"இந்த ப்ளக்-இன்னைப் பராமரித்து வந்த இளவேனில் இறந்துவிட்டார். இனி திருத்தங்கள் வராது. விருப்பமுள்ளவர்கள் எடுத்துத் தொடரலாம்" என்று இருந்தது. அதன் கீழே அத்தாட்சியாக அவர் அடித்த பேனர். அந்தப் பக்கத்தில் எழுதும் உரிமை அவள் ஒருத்தியிடம்தான் இருந்தது.

குழுவில் நூற்றுக்கணக்கில் கும்பிடும் கைகள், பூக்கள், ஆழ்ந்த இரங்கல். அதோடு, "போறதுக்கு முன்னாடி இந்த அப்டேட்டை மட்டும் பாத்துட்டுப் போயிருக்கலாம்" என்று ஒருவர் வருந்தியிருந்தார். யாராவது எடுத்து நடத்த வேண்டும் என்று எல்லோரும் எழுதினார்கள். நான் நடத்துகிறேன் என்று ஒருவர்கூட எழுதவில்லை. ஓசியில் சாப்பிட வந்தவன் அடுப்படிக்கா போவான்?

கடைக்கு வந்தவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். காதணி விழாக்காரர் முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். மகளின் பழைய நம்பரை இவர் கூப்பிட்டுப் பார்த்தார். அந்த எண் உபயோகத்தில் இல்லை. கடைசியில் கொளஞ்சிநாதன் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் குழுவில் எழுதினார். "அவ சாகலிங்க. உயிரோடதான் இருக்கா. நான் அவ அப்பா."

குழுவை நடத்திய சத்யா என்கிற மதுரை ஸ்டுடியோக்காரர் பதில் போட்டார். "நீங்க ஜெயகணேஷ்தானே?"

"இல்லிங்க, அது சும்மா வெச்ச பேருங்க. கொளஞ்சிநாதன். அந்தப் பேனர அடிச்சதே நான்தாங்க."

"பெத்த அப்பாவே பேர் போட்டு அடிச்சிருக்காரு, தேதி போட்டிருக்காரு. உயிரோட இருக்கிற பிள்ளைக்கு எந்த அப்பனாவது அப்படி அடிப்பானா? உங்க வேலை நடக்கணும்னு செத்த பொண்ணை வெச்சு விளையாடாதீங்க சார். அசிங்கமா இருக்கு."

அவர் பதில் அடிப்பதற்குள் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

வீட்டுக்கு ஓடினார். பெரியநாயகி ஒரு பையில் பிரசவக் காய மருந்தும் பழைய பருத்திப் புடவைகளும் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்கிட்ட அவ நம்பரு இருக்குதில்ல? போட்டுக் குடு. நான் பேசறன். தப்புன்னே சொல்லிடறன்."

"இருக்குது. தர மாட்டன்."

"எங்க கெளம்பிட்ட?"

"பேறுகாலத்துக்கு. வலி எடுத்துடுச்சின்னு மாப்ள இப்பத்தான் போன் பண்ணாரு. இனிமே அங்கதான். திரும்பி வர மாட்டன்."

"ஊருக்கு நான் இன்னாடி பதில் சொல்லுவன்?"

பெரியநாயகி பையைத் தோளில் மாட்டினாள். "எனக்கும் ஒண்ணு அடிச்சிக் கட்டிடுங்க" என்றாள். "ஆனா எழுத்துதான் வராதே உங்களுக்கு."

அவள் போய்விட்டாள். இதற்குப் பிறகாவது மனிதன் உட்கார்ந்து அழுவான் என்றுதான் நாம் நினைப்போம். கொளஞ்சிநாதன் கடைக்குப் போய் கம்ப்யூட்டரைப் போட்டு, பெரியநாயகி என்று அடித்துப் பார்த்தார். கொம்பு ஒரு பக்கம் கிடந்தது, எழுத்து ஒரு பக்கம் கிடந்தது.