தகவல் அளித்தவர்: தந்தை

அரிசி தீர்ந்துபோனால் 'அரிசி இல்லை' என்று சொல்லக் கூடாது, 'அரிசி நிறைஞ்சிருக்கு' என்று சொல்ல வேண்டும். ஸ்கந்தன் வளர்ந்த வீட்டில் இது சட்டம். விளக்கை அணைக்க மாட்டார்கள், குளிர வைப்பார்கள். பரம்பரையாக அண்ணாமலையார் கோயிலில் பூஜை செய்கிற குடும்பம். ஊராரின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் நாள் முழுக்க நல்லதையே வேண்டிப் பழகிய வாய். முப்பத்தெட்டு வயது வரை அந்த வாயிலிருந்து ஒரு குறைச்சொல் வந்து யாரும் கேட்டதில்லை. ஊர் அதை மெச்சியது. மெச்சட்டும். அதே வாய்தான் பெற்ற பெண்ணின் தலையில் மண்ணை அள்ளிப் போட்டது.

பெண் பெயர் வித்யாலக்ஷ்மி. அவளுக்கு ஆட்டிசம் என்று மாசி மாதத்தில் டாக்டர் சொன்னார். ஸ்கந்தனின் மனைவி ஹைமவதி இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் முகத்தைக் கழுவிக்கொண்டு ஆகவேண்டியதைப் பார்க்கத் தொடங்கினாள். ரயில்வே ஸ்டேஷனைத் தாண்டி ஒரு பயிற்சி மையம் இருப்பதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். பேசவும் சாப்பிடவும் ஒரு இடத்தில் உட்காரவும் அங்கே சொல்லிக் கொடுப்பார்கள். ஆனால் எட்டே எட்டு இடம். ஆறு வயது முடிவதற்குள் சேர்க்க வேண்டும். அதிலும் யாருக்கு உதவி ஜாஸ்தி தேவையோ அவர்களுக்கே முதலிடம். அதை முடிவு செய்வது உளவியல் நிபுணரின் ரிப்போர்ட். வித்யாவுக்கு மார்கழியில் ஆறு முடிகிறது.

நிபுணரைப் பார்க்க ஆனியில் தேதி கிடைத்தது. அதற்கு நாலு நாள் முன்பு ஹைமவதி தண்ணீர்த் தொட்டியருகே வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு படுத்துவிட்டாள். தேதியை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஸ்கந்தன் குழந்தையை அழைத்துக்கொண்டு போனான். படுத்தபடியே இரண்டு தாள் நிறைய எழுதிக் கொடுத்தனுப்பியிருந்தாள் ஹைமவதி.

ஆட்டோவில் அதைப் பிரித்தான். 'இன்னும் பாவாடையிலேயே ஒன்றுக்குப் போய்விடுகிறாள்' என்பது முதல் வரி. சட்டென்று மடித்து வைத்தான். பெற்ற பெண்ணைப் பற்றி ஒருத்தி இப்படியா எழுதுவாள் என்று மனைவி மேல் கோபம்கூட வந்தது. அடுத்த வரியை அவன் படிக்கவே இல்லை.

நிபுணர் ரேவதிக்கு முப்பது வயதிருக்கும். நெற்றியில் விபூதியும் தோளில் அங்கவஸ்திரமுமாக வந்தவனைப் பார்த்து எழுந்து நின்றே வரவேற்றாள்.

"பாப்பா தானா சாப்பிடுவாளா, சாமி?"

"பேஷா சாப்பிடுவா."

"பாத்ரூம் வந்தா சொல்லுவாளா?"

"சொல்லிடுவா."

"பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாப்பாளா?"

"பார்ப்பாளே."

வித்யா மூலையில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் மூடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ரேவதி அவளைப் பெயர் சொல்லி மூன்று தரம் கூப்பிட்டாள். குழந்தை திரும்பவில்லை. "புது இடம், அதான்" என்றான் ஸ்கந்தன்.

ரேவதி பேனாவைக் கீழே வைத்தாள். "வீட்ல நடக்கறத அப்படியே சொல்லுங்க, சாமி. பாதி மார்க்கு நீங்க சொல்றதுலதான் இருக்குது. கொழந்தைய உசத்திச் சொன்னா கொழந்தைக்குத்தான் நஷ்டம்."

அவன் சிரித்துத் தலையாட்டினான். மீதிக் கேள்விகளுக்கும் அதே மாதிரி பதில் சொன்னான். ஒவ்வொரு பதிலுக்கும் குழந்தைக்கு ஓர் ஆசீர்வாதம் செய்வது போல அவனுக்குள் ஒரு நிறைவு. வீட்டுக்கு வந்து, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்றான்.

ரிப்போர்ட் இரண்டு மாதத்தில் வரும் என்றார்கள். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. திங்கட்கிழமை தவறாமல் ஹைமவதி போன் செய்தாள். எழுதுகிறவர் ஒருவர், காத்திருக்கும் குழந்தைகள் இருநூறு என்று பதில் வந்தது. அவள் யாரையும் திட்டவில்லை. காலண்டரில் மார்கழி வரைக்கும் வாரங்களை எண்ணுவாள், மறுபடி எண்ணுவாள். கோயிலிலிருந்து வந்ததும் ஸ்கந்தன் கேட்கிற முதல் கேள்வியும் ரிப்போர்ட் வந்ததா என்பதுதான். அவனும் உண்மையாகவே காத்திருந்தான், பாவம்.

ஐப்பசி நடுவில் தபால் வந்தது. நாலு பக்கம். ஹைமவதி கூடத்தில் நின்றபடியே படித்தாள். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தி, திரும்ப முதலிலிருந்து படித்தாள்.

"ஏன்னா, இது யாரைப் பத்தி எழுதியிருக்கு?"

"நம்ம வித்யாவைப் பத்தித்தான். ஏன்?"

"தானா சாப்பிடறாளாம். தானா டிரெஸ் போட்டுக்கறாளாம். பாத்ரூம் வந்தா சொல்றாளாம். லேசான பாதிப்புதான்னு போட்டிருக்கு. தகவல் அளித்தவர், தந்தைன்னும் போட்டிருக்கு." அவள் குரல் உயரவே இல்லை. "லேசான பாதிப்புன்னா அந்த மையத்துல கடைசி வரிசைதானே. நான் எழுதிக் குடுத்தேனே, அதைக் குடுக்கலையா?"

ஸ்கந்தன் தரையைப் பார்த்தான். "வாயால குழந்தையைக் குறை சொல்ல மனசு வரலை, ஹைமா."

"மனசு வரலையா, தெரியலையா?"

"என்ன தெரியலை?"

"வித்யா எந்தக் கையால சாப்பிடுவா? சொல்லுங்கோ."

"வலது கையாலதான்..."

"எந்தக் கையாலயும் சாப்பிட மாட்டா. அஞ்சரை வருஷமா நான்தான் ஊட்டறேன்."

அவன் பார்க்கும்போதெல்லாம் குழந்தை சாப்பிட்டு முடித்து, உடை மாற்றி, தலை வாரி இருப்பாள். அது எப்படி நடக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அமங்கலமாகப் பேசக் கூடாது என்பதெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்ட சமாதானம். பெண்ணைப் பற்றி அவனுக்கு ஒன்றுமே தெரியாது. தெரியாததை மூடி மறைக்கத்தான் நல்ல வார்த்தையாகப் பேசிவிட்டு வந்திருந்தான்.

மறுநாளே ரேவதியிடம் ஓடினான். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். அவள் கடிந்துகொள்ளவில்லை.

"நான் பாத்ததையும் எழுதித்தான் இருக்கேன், சாமி. ஆனா நீங்க குடுத்த மார்க்குல அது அடிபட்டுப் போச்சு. திரும்பப் பாக்கலாம். அதுக்கு ஆறு மாசம் போகணும், அப்புறம் வரிசையும் இருக்குது. சித்திரைக்கு மேல ஆயிடும்."

"மார்கழியில அவளுக்கு ஆறு முடியறதே, அம்மா."

"தெரியும், சாமி" என்று மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு ஸ்கந்தன் தன் பங்காளியிடம் கெஞ்சி, கோயிலில் சாயங்காலப் பூஜை முறைக்கு மாறிக்கொண்டான். மதியச் சாப்பாட்டைத் தானே ஊட்டக் கற்றுக்கொண்டான். முதல் பத்து நாள் வித்யா அவன் முகத்திலேயே துப்பினாள். தயிர்சாதத்தில் ஒரு கடுகு தென்பட்டாலும் தட்டு பறக்கும், விரல் உதட்டில் பட்டால் அலறுவாள், ஒரே ஸ்பூன், ஒரே இடம், ஜன்னலைப் பார்த்த மாதிரி. இதெல்லாம் அந்த இரண்டு தாளில் இருந்திருக்கும். ஹைமவதி தேவையானதை மட்டும் பேசினாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

மார்கழியில் வித்யாவின் பிறந்தநாள். மதியம் அவன் ஊட்டிக்கொண்டிருந்தான். ஹைமவதி வடைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. கையெல்லாம் மாவு. முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மையத்துல இருந்து ஓவியா பேசறேங்க. பாப்பாக்கு இன்னியோட ஆறு முடியுது, அதனால லிஸ்ட்ல இருந்து பேரை எடுக்கறோம். சொல்லிடலாம்னுதான் பண்ணேன்."

"சரிம்மா."

"எனக்கே மனசு கேக்கலைங்க. போன மாசம் ஒரு இடம் காலியாச்சு. ரிப்போர்ட் மட்டும் சரியா இருந்திருந்தா உங்களுக்குத்தான் வந்திருக்கும். அவங்க அப்பா உசத்திச் சொல்லிட்டாருன்னு ரேவதி மேடம் சொன்னாங்க. ஏங்க அப்படிச் சொன்னாரு?"

ஹைமவதி நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். அவனும் பார்த்தான்.

"அவரை ஒண்ணும் சொல்லாதேம்மா. நான்தான் அப்படிச் சொல்லச் சொல்லி அனுப்பினேன். ஊர்ல நாலு பேர் மதிக்கற குடும்பம், பேர் கெட்டுடுமேன்னு பயந்துட்டேன்."

"பெத்த அம்மா நீங்களே இப்படிப் பண்ணலாமாங்க?"

"பண்ணியிருக்கக் கூடாதுதான்."

ஸ்கந்தன் எழுந்து நாலடி வைத்து, 'அவ மேல தப்பில்லைம்மா, நான்தான்' என்று போனுக்குக் கேட்கிற மாதிரி சொன்னால் போதும். ஓவியா யாரோ, முகம்கூடத் தெரியாது. கோயிலில் அவனைப் பார்த்தால் கும்பிடுகிறவளாகவும் இருக்கலாம். குழந்தையின் வாயில் சாதம் இருந்தது. எழுந்தால் துப்பிவிடுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதற்குள் அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

ஹைமவதி கையைக் கழுவிக்கொண்டு வந்து அவனிடமிருந்து தட்டை வாங்கிக்கொண்டாள்.

"நாழியாறது. முறைக்குக் கிளம்புங்கோ."

ஆனியில் செய்தது தெரியாமல் செய்தது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இன்றைக்குச் செய்தது தெரிந்தே செய்தது. அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அங்கவஸ்திரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு வட ஒத்தவாடைத் தெருவில் இறங்கிக் கோயிலுக்கு நடந்தான்.