காப்பாற்றியது: மதுக்கடை, இரண்டு வீடுகள்

“ஒரே ஒரு வரி, மெக்டில்ட். அத எடுத்துட்டா உனக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?”

“எடுத்தே ஆகணும்னு உனக்கு ஏன் இவ்ளோ அவசரம், ஃபோல்க்மார்?”

ஜெர்மனியில் ஹெஸ்ஸன் பக்கம் ஒரு சின்ன ஊர். அங்கே தன்னார்வத் தீயணைப்புப் படைக்கு நூற்றிருபத்தைந்து வயது. விழா மலரைத் தொகுக்கிறவள் மெக்டில்ட். ஃபோல்க்மார் படைத் தலைவன். வண்டிக் கொட்டகையில் இவர்களையும் சேர்த்துப் பதினேழு பேர், கையில் பியர் பாட்டிலோடு.

மலரில் ‘பெருமைமிகு பணிகள்’ என்று ஒரு பட்டியல். பழைய பதிவேட்டில் இருந்ததை ஃபோல்க்மார் அப்படியே அதில் போட்டிருந்தான்: ‘10 நவம்பர் 1938. பெருந்தீ. காப்பாற்றியது: மதுக்கடை, இரண்டு வீடுகள்.’ எரிந்தது எது என்று ஒரு வார்த்தை இல்லை. கீழே மெக்டில்ட் எழுதிச் சேர்த்தாள்: ‘எரிந்தது யூதர்களின் ஜெப ஆலயம். தீ வைத்தவர்கள் நாஜிகள். நம் படை அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை.’

“அணைக்கக் கூடாதுன்னு உத்தரவு. அவங்க என்னதான் பண்ணுவாங்க?” என்றான் ஃபோல்க்மார்.

“அஞ்சு மணி நேரம் மதுக்கடைச் செவுத்த நனைச்சிட்டு நின்னாங்க. ஆலயம் பத்தடி தள்ளி. பம்பு நல்லாத்தான் ஓடிருக்கு. அதப் போயி பெருமைங்கற.”

“கடை பொழைச்சதாலதானே நமக்கு இன்னிக்கும் பியர்,” என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். சிரித்தார்கள்.

ஃபோல்க்மார் குரலைத் தாழ்த்தினான். “பதிவேட்டுல கையெழுத்து யாருதுன்னு பாத்தியா? உன் தாத்தாது. சொந்தக் குடும்பத்து மானத்த நீயே வாங்கணுமா?”

“பாத்துட்டுத்தான் எழுதினேன். அவர் பேரையும் சேத்துப் போடு.”

வழக்கம்போல் கை தூக்கி முடிவெடுத்தார்கள். அவள் வரியை எடுக்கச் சொல்லிப் பதினாலு கைகள். இரண்டு பேர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிச்சம் அவள் ஒருத்தி.

மெக்டில்ட் எழுந்து நின்றாள்.

“அவங்களுக்கு உத்தரவு இருந்துச்சுன்னு சொன்ன. சரி. இன்னிக்கு உங்களுக்கு யாரு உத்தரவு போட்டா?”

மலரின் பிரதியை எடுத்து, தொகுப்பாளர் என்று இருந்த இடத்தில் தன் பெயரைப் பேனாவால் அடித்தாள்.

“சனிக்கிழம விழா மேடையில பட்டியல வாசிக்கப்போறது நான். ஒவ்வொண்ணுக்கும் ஊரே கை தட்டும். 1938 வரும்போது என் வரியோடதான் வாசிப்பேன். மைக்கப் பிடுங்கணும்னா எல்லார் முன்னாடியும் வந்து பிடுங்கு.”

மேசைமேல் விரிந்திருந்த பதிவேட்டை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

இதைப் படிக்கிற உங்களிடம் நேராகவே கேட்கிறேன். அந்தக் கொட்டகையில் நீங்கள் இருந்திருந்தால் கை தூக்கியிருப்பீர்களா, பாட்டிலைப் பார்த்திருப்பீர்களா, அவளோடு எழுந்திருப்பீர்களா? மழுப்பாமல் பதில் எழுதுங்கள்.